ரகுவைப் பார்த்து அழுதவர்களும் கோபப்பட்டவர்களும்

"தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்" படம் பற்றி யாரிடம் பேசினாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அழுதுட்டேன்". இன்னொன்று, "நல்லாத்தான் இருக்கு, ஆனா...". இந்த "ஆனா"வுக்குப் பின்னாடி என்ன இருக்கு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் படத்தைப் பற்றி. சுமார் 40 நிமிட ஆவணப்படம். ஊட்டியில் வளர்ந்த கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கியது, குனீத் மோங்கா தயாரித்தது. 2022 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. 2023 மார்ச்சில் குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. முதுமலைக்குள் மாயாற்றங்கரையில் இருக்கும் தெப்பக்காடு யானைகள் முகாம்தான் களம். காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த பொம்மனும் பெள்ளியும், தாயை இழந்த ரகு என்ற குட்டி யானையை வளர்க்கிறார்கள். அப்புறம் பொம்மி என்ற இன்னொரு குட்டியும் வந்து சேர்கிறது. குட்டிகளை வளர்க்கும்போதே இருவரும் நெருங்கி, கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். ரகு கொஞ்சம் வளர்ந்ததும் வனத்துறை அவனை வேறு பாகனிடம் ஒப்படைத்துவிடுகிறது. கதை அவ்வளவுதான்.

அழுதவர்கள் எதற்காக அழுதார்கள் என்று புரிந்துகொள்வது சுலபம். புலியால் கணவனை இழந்த ஒரு பெண், அதே காட்டுக்குள் தாயில்லாத ஒரு யானைக் குட்டிக்குத் தாயாகிறாள். பிரிவுக் காட்சிக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குட்டியை வளர்த்துக் கைவிட்டுக் கொடுப்பது எப்படி இருக்கும் என்பது ஆடு மாடு வளர்த்த எவருக்கும் தெரியும்.

"ஆனா" சொன்னவர்கள் ஒரே கூட்டம் இல்லை. குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதல் ஆள் கேட்பது: யானை ஏன் முகாமில் இருக்கணும்? காட்டு யானையைச் சங்கிலியில் பழக்கும் ஓர் இடத்தை இவ்வளவு அழகாகக் காட்டலாமா? இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் மறக்காத குட்டியைக் கூட்டம் திரும்பச் சேர்த்துக்கொள்ளாவிட்டால், அது தனியாகப் பிழைப்பது அனேகமாக நடக்காது. முகாம் அங்கே கடைசி வழி. ஆனால் அந்தக் குட்டி அனாதை ஆனது எப்படி என்ற கேள்வியைப் படம் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறது. ரகுவின் தாய் மின்சாரம் தாக்கிச் செத்தது. ஆஸ்கர் அறிவிப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன், 2023 மார்ச் 7 அன்று, தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. 2 குட்டிகள் தப்பின. விருதுச் செய்தி வந்தபோது பொம்மன் ஊரில் இல்லை, தருமபுரிப் பக்கம் யானைக் குட்டி வேலையாகப் போயிருந்தார். அதே மாவட்டத்தில் மீட்கப்பட்டு இவர்கள் பராமரிப்புக்கு வந்த ஒரு குட்டி, மார்ச் முடிவதற்குள் தெப்பக்காட்டிலேயே இறந்தும் போனது. படத்தில் குட்டிகள் பிழைக்கின்றன. நிஜத்தில் எல்லாம் பிழைப்பதில்லை.

இரண்டாவது ஆள் கேட்பது: ஆதிவாசிகளின் காடு எங்கே? படம் அவர்களைக் காட்டோடு ஒன்றிய மனிதர்களாகக் காட்டுகிறது. தேன் எடுக்கிறார்கள், சாமி கும்பிடுகிறார்கள், காலில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் முதுமலை 1940இல் சரணாலயம் ஆகி, 2007இல் புலிகள் காப்பகம் ஆனது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டுக்குள் யார் இருக்கலாம், யார் வெளியே போகணும், தேன் எடுக்க யார் அனுமதி வேணும் என்பதெல்லாம் அங்கே அன்றாடப் பேச்சு. படத்தில் அது இல்லை. ரகுவைப் பிரித்தது வனத்துறையின் முடிவு என்று தெரிகிறது. "ஏன்?" என்று பெள்ளி யாரிடம் கேட்கலாம் என்பது தெரிவதில்லை.

மூன்றாவது ஆள் கேட்பதுதான் அதிகம் சண்டை மூட்டியது: இவங்க வாழ்க்கையை வெச்சுப் படம் எடுத்தாங்களே, இவங்களுக்கு என்ன கிடைச்சுது? 2023 ஆகஸ்டில் பொம்மன், பெள்ளி தரப்பிலிருந்து படக்குழுவுக்கு 2 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனதாகச் செய்தி வந்தது. சொன்னது உண்மையில்லை என்று படக்குழு மறுத்தது. அதில் யார் சரி என்று இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. கேள்விக்கு அடியில் இருக்கும் வழக்கத்தைப் பார்க்கலாம்.

ஒரு மனிதரின் வாழ்க்கையை நடிகர்களை வைத்துக் கதைப்படமாக எடுக்கும்போது, பொதுவாக அந்தக் கதைக்கான உரிமையை விலை கொடுத்து வாங்குவார்கள். அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகி லொரெட்டா லின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். 1976இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். 1980இல் அது "கோல் மைனர்ஸ் டாட்டர்" என்ற படமானது. தன் வேடத்துக்கு சிஸ்ஸி ஸ்பேசக்கைத் தேர்ந்தெடுத்ததே லின்தான். பாட்டுகளை ஸ்பேசக் தானே பாடி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரும் வாங்கினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்களும் "இது விட்டுப்போச்சு, அது மிகை" என்று பேசலாம். ஆனால் கதையின் சொந்தக்காரர் யார் என்பதில் குழப்பம் இல்லை.

ஆவணப்படத்தில் வழக்கம் வேறு. காசு கொடுத்தால் எதிரில் இருப்பவர் நடிக்க ஆரம்பித்துவிடுவார், உண்மை கெட்டுவிடும் என்ற எண்ணத்தில், படத்தில் வருபவருக்குப் பணம் தராமலிருப்பதே நெடுநாள் மரபு. செய்திப் படத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஐந்து வருஷம் ஒருவர் வீட்டு வாசலில் கேமராவை வைத்து, அவர் கல்யாணத்தையும் அழுகையையும் எடுத்து, உலகம் முழுக்கக் காட்டும் படத்துக்கும் அதே மரபு சரியா? இப்போது ஆவணப்படக்காரர்களே இதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

விருதுக்குப் பிறகு என்ன கிடைத்தது என்பதும் பதிவில் இருக்கிறது. தெப்பக்காடு, கோழிகமுத்தி இரு முகாம்களிலும் வேலை செய்யும் 91 பேருக்கும் தலா 1 லட்சம் ரூபாய், வீடு கட்ட 9.10 கோடி என்று தமிழக அரசு அறிவித்தது. ஏப்ரலில் பிரதமர் வந்தார், ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் வந்தார். பெள்ளிக்குக் காவடி, அதாவது பாகனுக்கு உதவியாளர் வேலைக்கான ஆணையை முதல்வர் கொடுத்தார். இவ்வளவு நாள் அவர் செய்த வேலைக்கு அப்போதுதான் ஒரு பெயர் கிடைத்தது.

ஆக, மூன்று "ஆனா"வும் படம் மோசம் என்று சொல்லவில்லை. படம் இரண்டு மனிதர்களின் பாசத்தைச் சொல்ல எடுத்துக்கொண்டது, அதைச் சரியாகச் சொன்னது. பார்த்தவர்கள் மின்வேலியைப் பற்றியும், காட்டு உரிமையைப் பற்றியும், கூலியைப் பற்றியும் கேட்கிறார்கள் என்றால், அந்த 40 நிமிடம் அவர்களை பொம்மன், பெள்ளி மேல் அக்கறைப்பட வைத்துவிட்டது என்றுதான் அர்த்தம். அழாதவர் இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்க மாட்டார்.

இனி படம் பார்க்கிறவர்களுக்கு ஒரு யோசனை. முடிந்ததும் ரகுவைத் தேடாதீர்கள். "மின்வேலி யானை" என்று தமிழில் தேடிப் பாருங்கள். ரகுவின் கதை எங்கே ஆரம்பித்தது என்பது அந்தச் செய்திகளில் இருக்கும்.