கேம்பிரிட்ஜின் குழலோசை

வீணையை மடியில் கிடத்தி மீட்டுகிறோம். நாகசுரத்தைக் கையில் ஏந்தி ஊதுகிறோம். வாசிப்பவனே படியேறிச் சென்று உள்ளமர்ந்து வாசிக்க வேண்டிய கருவியும் ஒன்றுண்டு. மேனாட்டுத் தேவாலயங்களிற் காணப்படும் குழல் ஓர்கனே அது. முதன்முறை அதனைக் காண்போர், இது கருவியோ கட்டடமோ என ஐயுறுவர். இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயத்தின் ஓர்கன் இவ்வினத்துட் பெரும்புகழ் வாய்ந்தது. ஒரு கல்விக்கூடம் தன் இசையை எவ்வாறு வளர்த்தது, எவ்வாறு ஒருகால் இழந்தது, எவ்வாறு மீட்டது என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது. ஆதலின் மாணவரும் பெற்றாரும் அதனை அறிந்துகொள்ளுதல் நன்று.

அரசன் இட்ட கல்

ஆறாம் ஹென்றி மன்னன் 1441ஆம் ஆண்டிலே, தன் பத்தொன்பதாம் வயதில், இக்கல்லூரியை நிறுவினான். வழிபாட்டிலே பாடுதற்குப் பதினாறு சிறுவர் இருத்தல் வேண்டும் என்பது அவன் வகுத்த விதி. 1446இல் சிற்றாலயத்துக்கு அவனே முதற்கல்லை நாட்டினான். ஆயின் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னன் முடியிழந்து, 1471இல் சிறையில் மாண்டான். அவன் தொடங்கிய வேலையைப் பின்வந்த அரசர்கள் தொடர, 1515இல் கற்கூரை நிறைவெய்தியது. சிற்றாலயம் என்பது பெயரளவிலேதான். உள்ளே நீளம் 289 அடி. அகலம் 40 அடி. உயரம் 80 அடி. விசிறிகளை விரித்து வைத்தாற்போன்ற கல்வேலைப்பாடு கூரை முழுவதையும் அணிசெய்கின்றது.

எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1530களில், மண்டபத்தின் நடுவே குறுக்காக ஒரு மரத்தடுப்பு அமைக்கப்பட்டது. ஓர்கன் வீற்றிருப்பது அதன் மேலேதான். மண்டபத்தின் நடுவில் இருப்பதால் அதன் ஓசை இருபுறமும் பரந்து செல்கின்றது.

சுல்தானிடம் சென்ற கம்மியர்

1605ஆம், 1606ஆம் ஆண்டுகளில் இங்கே ஓர்கன் அமைத்தவர் தோமஸ் டல்லம் என்பார். அவர் வரலாறு கதைபோற் சுவையானது. எலிசபெத் அரசி துருக்கிய சுல்தானான மூன்றாம் மெஹ்மதுக்குப் பரிசாக அனுப்பிய தானியங்கி ஓர்கனை 1599இல் கப்பலேற்றிக் கொன்ஸ்தாந்திநோபிளுக்குக் கொண்டு சென்றவர் அவரே. கடிகாரத்தோடு இணைந்த அக்கருவியின் உச்சியிலே செயற்கைப் பறவைகள் பாடிச் சிறகடித்தன. அங்கேயே தங்கிவிடும்படி அரண்மனையார் வற்புறுத்தியும் அவர் இணங்காது ஊர் திரும்பினார். தம் பயணத்தை நாட்குறிப்பாகவும் எழுதிவைத்தார். அவர் திரும்பியமையாற் கிங்ஸ் கல்லூரி பயன்பெற்றது.

ஆயினும் அவர் அமைத்த கருவி நெடுங்காலம் ஒலிக்கவில்லை. மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்ட நாளிலே, வழிபாட்டில் ஓர்கன் ஆகாது எனக் கருதிய பியூரிட்டன் கூட்டத்தார் வலிமை பெற்றனர். ஓர்கன்களை அகற்றுமாறு 1644இல் பாராளுமன்றம் கட்டளை பிறப்பித்தது. நாடெங்கும் குழல்கள் பிடுங்கப்பட்டன. கிங்ஸ் கல்லூரியின் ஓர்கனும் வாய்மூடியது. மன்னராட்சி மீண்டதன் பின்னரே, 1661இல், லான்சலட் பீஸ் என்பவர் அங்கே ஓர்கன் வேலையைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையும் அதனைத் திருத்தியும் பெருக்கியும் வந்துள்ளது.

மூங்கிலும் சீவாளியும்

இனி, இக்கருவி பாடும் விதத்தைக் காண்போம். நம் வீடுகளில் உள்ள ஆர்மோனியத்தை எண்ணிக்கொண்டால் பாதி விளங்கிவிடும். அங்கே துருத்தியாற் காற்றடிக்கிறோம். கட்டையை அழுத்தக் காற்று வழிதிறந்து நாக்கை அதிரச் செய்கின்றது. ஓர்கனிலோ காற்று குழல்களுக்குள் புகுகின்றது. குழல்கள் இருவகை. புல்லாங்குழலிற்போல விளிம்பில் மோதும் காற்றினால் ஒலிப்பது ஒருவகை. நாகசுரத்துச் சீவாளி அதிர்வதுபோல, உள்ளே பொருத்திய உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பது மற்றொரு வகை.

புல்லாங்குழலிலே துளைகளை விரலால் மூடித் திறந்து பல சுரங்களை எழுப்பலாம். ஓர்கன் குழலுக்கோ ஒரு சுரமே உண்டு. ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள குழல் தரும் சுரத்தைப் பதினாறடிக் குழல் ஒரு தாயி கீழே தரும். ஓர் அங்குலமும் இல்லாக் குழல் குருவிபோற் கீச்சிடும். ஒவ்வொரு குரல்வகைக்கும் தனித்தனி வரிசை வேண்டுமாதலாற் குழல்கள் ஆயிரக்கணக்கிற் பெருகுகின்றன. கிங்ஸ் கல்லூரி ஓர்கனில் 4,000க்கு மேற்பட்டவை உள்ளன. எந்த வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை வாசிப்போர் குமிழ்களை இழுத்துத் தெரிகின்றார். கைகளுக்கு விசைப்பலகைகள் இருப்பதுபோலக் கால்களுக்கும் ஒன்று உண்டு.

ஆயினும் குழல்கள் எழுப்பும் ஓசை பாதியே. மறுபாதியைத் தருவது கல்மண்டபம். விரலை எடுத்த பின்னும் ஓசை கூரையிலே தவழ்ந்து, மெல்ல மெல்லவே அடங்குகின்றது. விரைந்து வாசித்தால் ஒரு சுரத்தின்மேல் மறுசுரம் ஏறிக் குழம்பிவிடும். ஆதலின் அங்கு வாசிப்போர் மண்டபத்தின் சொற்கேட்டு நடத்தல் வேண்டும்.

போரும் பாட்டும்

முதலாம் உலகப் போரிலே படைக் குருவாகப் பணியாற்றி மீண்ட எரிக் மில்னர்-வைட் என்பார், 1918ஆம் ஆண்டு நத்தார்க்கு முந்திய நாளிலே, ஒன்பது வாசகங்களும் பாடல்களும் கொண்ட வழிபாட்டை இங்குத் தொடக்கினார். போரில் மைந்தரை இழந்த கல்லூரிக்கு அது ஆறுதலாயிற்று. தொடக்கத்திலே ஒரு சிறுவன் கருவித் துணையின்றித் தனியே பாடுவது வழக்கம். பின்னரே குழுவும் ஓர்கனும் அவனோடு சேரும். 1928இல் பி.பி.சி. அதனை முதன்முறை ஒலிபரப்பியது. இரண்டாம் உலகப் போரில் வண்ணக் கண்ணாடிகளுட் பெரும்பாலானவற்றைக் கழற்றி ஒளித்துவைத்த நாளிலும் ஒலிபரப்பு நிற்கவில்லை.

டேவிட் வில்கொக்ஸ் என்பார் 1939இல் ஓர்கன் வாசிக்கும் புலமைப்பரிசில் மாணவராக இக்கல்லூரியிற் சேர்ந்தார். விரைவிலே படைக்குச் சென்றார். 1944இல் நோர்மண்டியிற் காட்டிய வீரத்துக்காக இராணுவச் சிலுவை விருது பெற்றார். போர் முடிந்ததும் மீண்டும் மாணவராக வந்தமர்ந்தார். 1957 முதல் 1974 வரை அக்கல்லூரியின் இசைக்கு அவரே தலைவர். இன்றும் ஓர்கன் வாசிப்பிற் பெரும்பங்கு இத்தகைய மாணவர் கையிலேயே உள்ளது.

1934இல் டர்ஹம் நகரத்து ஹரிசன் அன்ட் ஹரிசன் நிறுவனத்தார் இவ்வோர்கனைப் புதுக்கி அமைத்தனர். 2016இல் அதே நிறுவனத்தார் மீண்டும் வந்து, குழல்களைக் கழற்றிச் செப்பஞ்செய்து பொருத்தினர்.

இதனால் நாம் அறிவதென்ன? பொன்பூசிய குழல்களை ஒரு சட்டம் ஓராண்டிற் பிடுங்கிவிடலாம். அவற்றை மீண்டும் பாடவைத்தது, பாடத்தெரிந்த சிறுவரும் அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும் அற்றுப்போகாமையே. நம் பாடசாலைகளிலும் வீணையும் மிருதங்கமும் அலுமாரியுட் பூட்டிக் கிடக்குமாயின் அவை பொருள்களே. ஒரு பிள்ளையின் கைக்கு எட்டும் நாளிலேதான் அவை கருவிகளாகும்.