கடைத்தெருவின் கணக்கு (7): மகமை கொடுத்த கடைவீதி

டொராண்டோ நகரத்து புளோர் வெஸ்ட் வில்லேஜ் வியாபாரிகள் சந்தா வசூலித்துச் சலித்துப் போனதையும், அக்கடைவீதியின் எல்லைக்குள் உள்ள அனைவரிடமும் நகராட்சியே ஒரு வரியைக் கட்டாயமாகத் தண்டி அவ்வியாபாரிகளின் நிர்வாகக் குழுவிடமே ஒப்படைக்கும் ஏற்பாடு 1970-ல் உலகில் முதன்முதலாக அங்கே பிறந்ததையும் சென்ற வாரம் படித்தவர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அக்குழுவின் அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இவ்வாரம் விவரிப்பதாக வாக்களித்திருந்தேன். ஆனால் மகமை குறுக்கே வந்து நின்றுவிட்டது.

கனடாவுக்குப் போவானேன்? பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வியாபாரிகள், மூட்டைக்கு இவ்வளவு, சிப்பத்துக்கு இவ்வளவு என்று தங்கள் சரக்கின்மீது தாங்களே மகமை என்னும் ஒரு வரி விதித்துக்கொண்டு, அதனைக் கொண்டு வண்டிகளும் மாடுகளும் சரக்கும் இரவில் பயமின்றித் தங்குவதற்கான பேட்டைகளையும், அவற்றில் கிணறுகளையும், பின்னர் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் பரிபாலித்து வந்தனர். 1889-ல் விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை, வியாபாரிகளின் மகமையாலும் வீடுதோறும் எடுத்து வைத்த பிடி அரிசியாலும் நடந்த பள்ளி. காமராசர் அங்கே படித்தவர். எந்த அரசாங்கமும் கேளாமல், எந்த மந்திரியும் அடிக்கல் நாட்டாமல் இவ்வளவும் நடந்திருக்கிறதே என்ற எண்ணத்தைத் தவிர, மேருவிலிருந்து கிள்ளான் வரை பஸ்ஸில் போகும் நேரம் முழுவதும் எனக்கு வேறு சிந்தனையே ஓடவில்லை.

இங்கே மலேசியாவிலும் மகமை புதியதன்று. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில், ஒரே கிட்டங்கியின் கூரையின்கீழ்ப் பல மார்க்காக்கள், அதாவது வட்டித்தொழில் நிறுவனங்கள், வரிசையாகப் பெட்டியடி போட்டு அமர்ந்திருந்த காலத்தில், செட்டியார்கள் மகமை செலுத்தியே தண்டாயுதபாணி கோயில்களைப் பேணினார்கள். லாபம் எண்ணி மிஞ்சியதில் ஈவதற்குப் பெயர் தர்மம்; மகமையோ தொழிலின் செலவுகளுள் ஒன்றாகவே கணக்கேறுவது. விசேஷமே அதில்தான் இருக்கிறது.

கிள்ளானின் கடைவீதியான ஜாலான் தெங்கு கிளானாவின் நிலை வேறு. ஆண்டுக்கு இரு தவணையாகச் செலுத்தும் மதிப்பீட்டு வரிக்கு, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் வரும் பணம் நகர மன்றத்தின் பொது நிதியில் கலந்துவிடுவதால், எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. தீபாவளி அலங்காரத்துக்கு நன்கொடை கேட்டு ரசீதுப் புத்தகத்துடன் ஏறி இறங்குகிறவருக்கோ, "முதலாளி வெளியே போயிருக்காருண்ணே, அப்புறம் வாங்க" என்ற பதில்தான் கிடைக்கும். கொடாதவன் வாசலிலும் விளக்கு எரியும். அவன் கடையிலும் புடைவை விற்கும்.

அன்று மகமை கொடாதவனை வழிக்குக் கொண்டுவர, நாடார்களின் ஊர்ச் சபையான உறவின்முறை இருந்தது. ஜாதிக் கட்டுப்பாட்டில் நின்ற அந்த நிர்பந்தம், தமிழரும் தமிழ் முஸ்லிம்களும் குஜராத்தியரும் சீனரும் கலந்த ஒரு தெருவில் செல்லாது. செல்லவும் வேண்டாம் என்பதே என் கட்சி. அதனிடத்தில் சட்டம் வந்து நிற்கலாம். ஆயினும் வரி கட்டிடச் சொந்தக்காரர் பெயரில் விழுந்து, வாடகையில் ஏறி, கடைக்காரர் தலையில் இறங்குமாகையால், குழுத் தேர்தலில் வாக்குரிமையை நிலச் சொந்தக்காரருக்கு மட்டும் கொடுப்பது அநியாயமாகும்.

குழுத் தேர்தலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும், பக்கமோ தீர்ந்துவிட்டது. 2010 அக்டோபர் 27-ல் மலேசிய, இந்தியப் பிரதமர்கள் திறந்துவைத்த, அரசாங்கம் 3.5 கோடி ரிங்கிட் செலவிட்ட பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவில் அப்படியொரு குழு அமைந்தால், ஒருவழிப் பாதையாகிவிட்ட ஜாலான் துன் சம்பந்தனில் அது முதலில் எதில் கை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே அடுத்த வாரம் பார்ப்போம்.