மாறும் சட்டம், மாறாத கடமை

சிராங்கூன் சாலை அதிகாலையிலேயே விழித்துக்கொள்கிறது. பூக்கடைகளில் மாலை கட்டுகிறார்கள். தேக்கா சந்தையில் காய்கறிக் கூடைகள் இறங்குகின்றன. உணவகச் சமையலறைகளில் அடுப்பு எரியத் தொடங்குகிறது. இக்கடைகளில் பல, ஐந்தாறு ஊழியர்களை மட்டுமே கொண்ட சிறிய தொழில்கள். பொருள் வாங்குவது, கல்லாவில் அமர்வது, கணக்குப் பார்ப்பது என எல்லாப் பொறுப்புகளையும் முதலாளியே சுமக்கிறார். அவற்றோடு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஊழியர்கள் தொடர்பான சட்டங்கள் மாறும்போது, அவற்றை அறிந்து தம் கடையின் நடைமுறையையும் அவர் மாற்ற வேண்டும்.

சட்டம் ஏன் மாறுகிறது?

சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் 1968 ஆகஸ்ட் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்குமுன் உடலுழைப்புத் தொழிலாளர்கள், கடை உதவியாளர்கள், எழுத்தர்கள் ஆகியோருக்குத் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக ஒரே சட்டம் வந்தது. வேலை நேரம், ஓய்வு நாள், விடுப்பு, சம்பளம் ஆகியவற்றுக்கு அது பொதுவான விதிகளை வகுத்தது.

ஆயினும், வேலை உலகம் 1968இல் இருந்ததுபோல் இன்று இல்லை. மக்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்கிறார்கள். அலுவலக ஊழியர்களும் நிர்வாகிகளும் பெருகிவிட்டார்கள். வாழ்க்கை மாறும்போது சட்டமும் மாறவேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 4,500 வெள்ளிக்குமேல் சம்பளம் பெற்ற நிர்வாகிகள் ஒருகாலத்தில் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே இருந்தனர். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி அந்த வரம்பு நீக்கப்பட்டது.

வாய்ச்சொல்லும் எழுத்தும்

சிறிய கடைகளில் நம்பிக்கையே பெரிய முதல். “அண்ணே, நாளையிலிருந்து வேலைக்கு வந்துவிடுகிறேன்” என்று ஒருவர் சொல்ல, “சரி தம்பி, வா” என்று முதலாளி சொன்னால் வேலை உறுதியாகிவிடும். சம்பளமும் வாய்ச்சொல்லிலேயே முடிவாகும். 2016 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த வழக்கத்தில் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. வேலை, சம்பளம், விடுப்பு முதலிய முக்கிய விதிமுறைகளை, ஊழியர் வேலையில் சேர்ந்த 14 நாள்களுக்குள் முதலாளி எழுத்து வடிவில் தரவேண்டும். விவரங்கள் அடங்கிய சம்பளச் சீட்டையும் ஒவ்வொரு முறையும் வழங்க வேண்டும்.

ஒரு காகிதத்தால் என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். ஓர் உணவக உதவியாளரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மாத அடிப்படைச் சம்பளம் 2,288 வெள்ளி. சட்டப்படி, அதை 12ஆல் பெருக்கி, ஆண்டின் 52 வாரங்களுக்கு வாரம் 44 மணி நேரம் என்ற கணக்கில் வகுத்தால், ஒரு மணி நேரச் சம்பளம் 12 வெள்ளி ஆகிறது. கூடுதல் நேர வேலைக்கு அதைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 18 வெள்ளி, கொடுக்க வேண்டும். தீபாவளிக் காலத்தில் அவர் 20 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 360 வெள்ளி சேரும். எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது சீட்டில் இல்லையென்றால், அந்தத் தொகையைப் பற்றி இருவருக்கும் இருவேறு நினைவுகள் இருக்கலாம். பல ஆண்டுப் பழக்கமும் அதனால் கசந்துபோகலாம். சீட்டு, ஊழியரின் உழைப்பைக் காக்கிறது. சரியாகச் சம்பளம் கொடுத்த முதலாளியின் நேர்மைக்கும் அதுவே சான்றாகிறது.

பேசித் தீர்க்க முடியாத சம்பளச் சிக்கல்கள் முதலில் சமரசத்துக்குச் செல்கின்றன. அங்கும் தீராவிட்டால், 2017இல் அமைக்கப்பட்ட வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குச் செல்லலாம். அங்கு வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை. பதிவேடுகளே பேசுகின்றன.

முன்கூட்டியே வரும் அறிவிப்பு

ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சிறு வியாபாரி எப்படி அறிந்துகொள்வது? இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். முக்கியமான மாற்றங்கள் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. அரசாங்கம், தொழிற்சங்கங்கள், முதலாளிகள் ஆகிய முத்தரப்பினரும் கலந்து பேசுகின்றனர். பிறகு, நடப்புக்கு வரும் நாள் முன்னரே அறிவிக்கப்படுகிறது.

மத்திய சேமநிதிச் சந்தா கணக்கிடப்படும் மாதச் சம்பள உச்சவரம்பு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 6,000 வெள்ளியாக இருந்த அவ்வரம்பு 8,000 வெள்ளியாக உயரும் என்று 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கி 2026 ஜனவரிக்குள் நான்கு படிகளில் அது உயர்ந்தது. ஓய்வு வயதும் அவ்வாறே. 2022 ஜூலையில் 63 ஆன அது, 2026 ஜூலை 1ஆம் தேதிமுதல் 64 என முன்னரே தீர்மானிக்கப்பட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களாகப் பிறக்கும் குழந்தைகளின் தந்தையருக்கு நான்கு வார விடுப்பு 2025 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கோரும் ஊழியருக்கு இரண்டு மாதங்களுக்குள் எழுத்து வடிவில் பதில் தரவேண்டும் என்ற வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது.

எனவே, முதலாளிக்குத் தேவைப்படுவது சட்டப் பட்டம் அன்று. சில நல்ல பழக்கங்களே. மனிதவள அமைச்சின் அறிவிப்புகளை ஒழுங்காகப் படிக்கலாம். மாற்றம் வரும் நாள்களை நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். சம்பளக் கணக்கிடும் முறையை அந்நாளுக்குமுன் சரிபார்க்கலாம். ஊழியர் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும். ஐயம் எழுந்தால், சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபை போன்ற அமைப்புகளை நாடலாம்.

சிறியவர்களின் சுமை

சிறிய கடைகளுக்கு இது சுமைதான் என்பதை மறுக்க முடியாது. பெரிய நிறுவனத்தில் மனிதவளப் பிரிவு செய்யும் வேலையை, இங்கு ஒருவரே கடையை மூடிய பிறகு செய்ய வேண்டியுள்ளது. சட்டம் இயற்றுவோரும் இதை உணர்ந்திருக்கின்றனர். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டத்திலிருந்து, 25க்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆனால், உழைத்தவருக்கு உரிய சம்பளத்தை உரிய நாளில் தருவதிலிருந்து எந்தக் கடைக்கும் விலக்கு இல்லை.

சிங்கப்பூரில் 13 வயது நிரம்பியவர்கள், சட்டம் விதிக்கும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, இலேசான வேலைகளைச் செய்யலாம். பள்ளி விடுமுறையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும் மாணவர்களும் சம்பளச் சீட்டு பெற உரிமை உடையவர்கள். அச்சீட்டை வாங்கியதும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்துவைக்காமல், ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்ப்பது நல்லது. அந்த ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் யாரோ ஒரு தொழிலாளியின் நியாயமான கேள்வி இருக்கிறது. விதிகளும் தொகைகளும் காலத்துக்கேற்ப மாறலாம். உழைப்புக்கு நியாயம் செய்யும் கடமை மட்டும் மாறுவதில்லை.