காது வழி – 9: ஃப்ரீசருக்குள் ஒரு புகைப்படம்

வீட்டு ஸ்டீரியோவின் ஓசை துலங்க வேண்டுமானால், கேட்பவர் தன்னுடைய புகைப்படத்தை எடுத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். 1980-களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்திலிருந்து இந்த யோசனையைச் சொன்னவர் பீட்டர் பெல்ட். ஸ்பீக்கர் ஒயரில் முடிச்சுப் போடுவது, நான்கு கால் உள்ள மேசையில் ஒரு காலுக்கு அடியில் மட்டும் துண்டுக் காகிதம் செருகுவது, சிடியின் மேல் பளபளப்பான சிறு தாளை ஒட்டுவது, கருவிகளின் மேல் களிம்பு தடவுவது என்று அவருடைய யோசனைகள் நீண்டுகொண்டே போயின. பெல்ட் விவரம் தெரியாதவர் அல்ல. அதற்கு முன் ஹெட்ஃபோன்களும் எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர்களும் வடிவமைத்தவர். கருவியில் எதையும் தொடாமலேயே ஓசை மாறுவதாகத் தன் காதுக்குப் பட்டதும், மாறுவது கருவி அல்ல, கேட்கும் மனிதர்தான் என்ற முடிவுக்கு வந்தார். சுற்றியுள்ள பொருள்கள் உடலை ஒருவித இறுக்கத்தில் வைத்திருக்கின்றன, அதைத் தளர்த்தினால் அதே இசை நன்றாகக் கேட்கும் என்பது அவர் கொள்கை. மாறுவது மனிதர் என்ற பாதி சரி. காரணம் சொன்ன பாதிதான் தவறு.

பிரிட்டிஷ் ஹை-ஃபை பத்திரிகைகளில் எழுதியவர்கள் சிலர் இவற்றைச் செய்துபார்த்து, வித்தியாசம் கேட்டதாகவே எழுதினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்ளாமல் ஆடியோஃபைல் எனப்படும் ஓசைப் பித்தர்களைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்கிறார். எழுந்து சமையலறைக்குப் போய், ஃப்ரீசரைத் திறந்து, பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் படத்தை வைத்துவிட்டு வந்து, அதே பாட்டை மறுபடி போடுகிறார். இப்போது அவர் தலை முன்பிருந்த இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கிறது. 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஓரிடத்தில் சேர்ந்து வலுக்கும். சற்றுத் தள்ளினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே தலை நகர்ந்தாலே காதுக்குள் போகும் ஓசை உண்மையிலேயே வேறு. அது போக, இரண்டாம் முறை கவனம் முன்பு விட்டதைத் தேடிப் போகிறது. முதலில் பாடகியின் குரலில் லயித்தவர் இப்போது அடியில் ஓடும் பேஸ் கிட்டாரைக் கேட்கிறார். ஓசையின் நுண்ணிய சாயலை நினைவு சில வினாடிகளுக்கு மேல் பிடித்துவைப்பதுமில்லை. சமையலறைக்குப் போய்வரும் நேரத்துக்குள் பழைய ஓசை மனத்தை விட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது அதைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே. படத்தை ஃப்ரீசரில் வைத்தாலும் அலமாரியில் வைத்தாலும் இது நடக்கும்.

காதின் இந்த இளக்கத்தை ஊரறியப் பயன்படுத்திக்கொண்ட பழைய உதாரணம் தாமஸ் எடிசன். இளவயதிலிருந்தே காது மந்தமான அவர், ஃபோனோகிராஃபின் மரப்பெட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு, அதிர்வை எலும்பு வழியாகக் கேட்டவர். அவருடைய கம்பெனி 1915 முதல் பத்தாண்டுக் காலம் அமெரிக்கா முழுக்க ‘டோன் டெஸ்ட்’ என்ற பெயரில் கச்சேரிகள் நடத்தியது. மேடையில் எடிசனின் தட்டுக் கருவி. பக்கத்தில் அந்தத் தட்டில் பாடியிருக்கும் பாடகரே நிற்பார். தட்டு சுழலச் சுழல அவரும் கூடவே பாடுவார், நடுவில் வாயை மூடிக்கொள்வார், பிறகு சேர்ந்துகொள்வார். சிறிது நேரத்தில் அரங்கின் விளக்குகள் அணையும். பாட்டு நிற்காது. விளக்கு எரியும்போது மேடையில் கருவி மட்டும் இருக்கும். பாடகர் எப்போது போனார் என்று கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

மைக்ரோஃபோன் வராத காலத்துப் பதிவுகள் அவை. கூம்புக் குழாய்க்குள் பாடி, ஊசி நேரே தட்டில் கீறிய பதிவில் கீழ் சுரங்களும் மேல் சுரங்களும் பெருமளவு தொலைந்துபோகும். அதை உயிருள்ள குரலோடு ஆயிரக்கணக்கானவர்கள் எப்படிக் குழப்பிக்கொண்டார்கள்? சோப்ரானோ பாடகி ஆன்னா கேஸ் பல பத்தாண்டுகள் கழித்து இதற்கு விடை சொன்னார்: தட்டின் ஓசைக்கு ஒத்துப்போகும்படி தன் குரலைத் தணித்துப் பாடியதாக. கருவி மனிதரைப் போலப் பாடவில்லை, மனிதர் கருவியைப் போலப் பாடினார்.

பிற்காலத்துச் சரக்குகள் பல இவ்வளவு உழைப்பைக் கேட்கவில்லை. 1990 வாக்கில் சிடியின் ஓரத்தில் பச்சை மை தடவினால் ஓசை தெளிவாகும் என்ற பேச்சு பரவி, அதற்கென்றே பேனாக்கள் கடைக்கு வந்தன. லேசர் ஒளி தட்டுக்குள் சிதறி ஓரத்தில் மோதித் திரும்புகிறது, பச்சை அதை விழுங்கிவிடும் என்பது விளக்கம். சிடியின் லேசர் 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் மை அந்த ஒளியை விழுங்குமா என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், தட்டில் இருப்பது எண்கள். சிறு பிழைகளைக் கணக்குப் போட்டுச் சரிசெய்யும் ஏற்பாடு அந்த எண்களுக்குள்ளேயே பின்னப்பட்டிருக்கிறது. அதே காலத்தில் அமெரிக்காவில் டைஸ் என்ற நிறுவனம், ஸ்டீரியோ இருக்கும் அறையில் பிளக்கில் செருகிவைத்தால் மின்சாரமே சீராகிவிடும் என்று சொல்லி, சாதாரண டிஜிட்டல் கடிகாரம் போன்ற ஒன்றைச் சில நூறு டாலருக்கு விற்றது. 485 டாலர் விலையில் மரத்தாலான வால்யூம் குமிழ் வந்தது. மெஷினா டைனமிகா என்ற அமெரிக்க நிறுவனம் கண்ணாடிப் புட்டியில் அடைத்த கூழாங்கற்களை விற்றது. தொலைபேசி வழியாகவே வாடிக்கையாளரின் கருவியைத் திருத்தித் தருவதாகவும் ஒரு சேவை வைத்திருந்தது. பெல்டின் களிம்பை வாங்கித் தடவியவருக்குக் காது ஏமாறிய குற்றம் மட்டும்தான் உண்டு. காசு வாங்கியவர்களின் கணக்கு வேறு.

ஜப்பானில் இந்த ஈடுபாடு வீட்டுச் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அங்கே அதற்கு ‘மை டென்சூ’, அதாவது ‘என் மின்கம்பம்’ என்று பெயர். அக்கம்பக்கத்து வீடுகளின் ஏசியும் வாஷிங் மெஷினும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பகிர்ந்துகொள்வதால் மின்சாரம் அழுக்காகிறது என்று நம்புபவர்கள், சொந்தச் செலவில் தங்கள் நிலத்தில் கம்பம் நட்டு, அதன் உச்சியில் தங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிக்கொள்கிறார்கள். டோக்கியோவில் எண்பது வயது கடந்த வழக்கறிஞர் ஒருவர் ஏறக்குறைய 12 மீட்டர் உயரக் கம்பத்துக்குச் சுமார் 10,000 டாலர் செலவிட்டதை 2016-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. மின்கம்பியில் இரைச்சல் கலப்பது உண்மைதான். ஆனால் எந்த ஆம்ப்ளிஃபயரும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. மின்னழுத்தத்தை மாற்றி, நேர்மின்னோட்டமாக்கி, கெப்பாசிட்டரில் தேக்கிவைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒழுங்காகச் செய்த கருவியில் அந்த இரைச்சலின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

நீர்மின் நிலையம், அனல்மின் நிலையம், அணுமின் நிலையம் ஒவ்வொன்றின் மின்சாரத்துக்கும் தனித்தனி ஓசைக்குணம் உண்டு என்ற பேச்சும் ஜப்பானிய ரசிகர்களிடையே வெகுகாலமாக உலவுகிறது. எல்லா நிலையங்களும் ஒரே வலைப்பின்னலில் கலந்துவிடுவதால், ஒரு வீட்டுக்கு வருவது எந்த நிலையத்தின் மின்சாரம் என்று பிரித்தறிய வழியே இல்லை. ஆனால் அந்த நாட்டில் மின்சாரம் இரண்டு வகை என்பது வரலாறு. மெய்ஜி காலத்தில் டோக்கியோ ஜெர்மானிய ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கின. அதனால் கிழக்கு ஜப்பான் இன்றும் 50 ஹெர்ட்ஸ், மேற்கு 60 ஹெர்ட்ஸ். ஊர் மாறினால் மின்சாரம் மாறும் என்பதை அனுபவத்தில் கண்ட மக்களிடம் இப்படியொரு கதை வேர்பிடித்ததில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஐவர் டீஃபன்பிரன் தொடங்கிய லின் நிறுவனத்தின் கதையில் பிடிவாதமும் திறமையும் ஒன்றாகக் கிடக்கின்றன. 1973-ல் வந்த அதன் எல்.பி.12 டர்ன்டேபிளை இன்றும் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆடியோ அமைப்பில் ஸ்பீக்கர்தான் முதன்மை என்று உலகமே நினைத்த காலத்தில், இசைத்தட்டிலிருந்து ஓசையை எடுக்கும் இடத்தில் இழந்ததைப் பிறகு எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்று வாதாடி ஜெயித்தவர் அவர். அந்த வாதம் அருமையானது. அதே மூச்சில், ஓசையைச் சோதிக்கும் அறையில் வேறு ஸ்பீக்கர் எதுவும் இருக்கக் கூடாது, சும்மா கிடக்கும் ஸ்பீக்கரின் கூம்பும் கூடவே அதிர்ந்து இசையைக் கெடுக்கும் என்றார். இதுவும் இயற்பியலுக்கு முழுக்கப் புறம்பானதல்ல. ஆனால் விதி தொலைபேசிக்கு நீண்டு, வாடிக்கையாளரின் டிஜிட்டல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொல்லும் வரை போனது. அலாரம் அடிக்கும் தகடு கடிகாரத்துக்குள் இருக்கிறதாம்.

டிஜிட்டல் பதிவு இசையைக் கொன்றுவிடுகிறது என்பது டீஃபன்பிரனின் இன்னொரு உறுதி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி லிப்ஷிட்ஸும் நண்பர்களும் அவரைச் சோதனைக்கு அழைத்தார்கள். அவரும் வந்து உட்கார்ந்தார். இசைத்தட்டின் ஓசை சில தடவை நேராகவும், சில தடவை சோனியின் டிஜிட்டல் பெட்டி ஒன்றுக்குள் எண்ணாகி மறுபடி ஓசையாகியும் வரும். எப்போது எது என்று அவரால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. 1984-ல் இந்தச் சோதனையின் அறிக்கை வெளியானது. தன் பெயரும் வியாபாரமும் தொங்கும் கேள்விக்குத் திரைக்குப் பின்னால் விடை தேடச் சம்மதித்தவர்கள் இந்தத் துறையில் மிகக் குறைவு. அந்த வகையில் டீஃபன்பிரனுக்கு மரியாதை உண்டு.

அடுத்த ஆண்டே வந்தது ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வரின் சவால். எத்தனை விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரைக் காட்டினாலும், தன்னுடைய மலிவான கருவியை அதே மாதிரி ஒலிக்கவைக்க முடியும் என்று அமெரிக்கப் பத்திரிகையான ஸ்டீரியோஃபைலிடம் சொன்னார். அவர்கள் பெரும் விலையுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகரத்தில் ஓட்டல் அறையில் சாலிடரிங் அயர்னோடு உட்கார்ந்தார். அவருடைய முறை எளிமையானது. இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் மிச்சம் பூஜ்யம். வேறென்றால் அந்த வேறுபாடு மட்டும் ஒரு சிறு ஸ்பீக்கரில் கேட்கும். ஒவ்வொரு ரெசிஸ்டராக, கெப்பாசிட்டராக மாற்றி மாற்றி மிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் அதை 70 டெசிபெல் கீழே கொண்டுவந்தார். அதாவது மூலத்தில் ஏறக்குறைய 3,000-ல் ஒரு பங்கு. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட பத்திரிகைக்காரர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியவில்லை என்று 1985-ல் அச்சிட்டார்கள். ஆடியோ வரலாற்றில் இதைவிட நேர்மையான நாட்கள் அதிகம் இல்லை.

பால் கிளிப்ஷுக்குச் சோதனை நடத்தும் பொறுமை இருக்கவில்லை. அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, 1946-ல் கிளிப்ஷ்ஹார்ன் என்ற மூலை ஸ்பீக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர். அறையின் இரண்டு சுவர்களையே கூம்பின் நீட்சியாக்கிக்கொள்ளும் வடிவமைப்பு அது. அவருடைய கோட்டு மடிப்புக்கு உட்புறத்தில் மஞ்சள் பட்டன் ஒன்று குத்தியிருக்கும். ‘சுத்தப் புளுகு’ என்று பொருள்படும் ஆங்கில வசைச்சொல் அதில் எழுதியிருக்கும். யாராவது ஆதாரமில்லாத ஓசைத் தத்துவத்தை எடுத்துவிட்டால், வாயைத் திறக்காமல் கோட்டு மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். 2002-ல், 98 வயதில் காலமானார்.

பணம் கட்டிய சவால்களும் நடந்தன. கார் ஸ்டீரியோ நிபுணர் ரிச்சர்ட் கிளார்க், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியளவைத் துல்லியமாகச் சமப்படுத்தி, எது ஒலிக்கிறது என்று 24 தடவையில் 24-ம் சரியாகச் சொல்பவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முயன்றும் பரிசு அவர் பையிலேயே இருந்தது. சமப்படுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்று மற்றதைவிடத் துளி சத்தமாக ஒலித்தாலும், காது அதைச் ‘சத்தம் அதிகம்’ என்று சொல்லாது; ‘தெளிவு அதிகம்’ என்றே சொல்லும். 2007-ல், அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்குப் பரிசு அறிவித்திருந்த மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி, 7,250 டாலர் விலையுள்ள 12 அடி ஸ்பீக்கர் கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து பிரித்துச் சொல்பவருக்குத் தன் பத்து லட்சம் டாலர் பரிசைத் தருவதாகச் சொன்னார். பேச்சுவார்த்தையிலேயே அது முறிந்தது. அதே ஆண்டு மேயர், மோரன் என்ற இருவர், உயர்தர டிஜிட்டல் தட்டுகளின் ஓசையை அப்படியேயும் சிடி தரத்துக்கு இறக்கியும் கேட்கவைத்தார்கள். 554 தடவையில் 276 விடைகள் சரி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

தேர்ந்த காதுகளை அதிகமாக உலுக்கியது 2022-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், மூல டேப்பிலிருந்து வெட்டிய இசைத்தட்டுகளுக்குப் பேர்போனது. டிஜிட்டல் கலக்காத ஓசையின் உரைகல் என்று ரசிகர்கள் அதன் தட்டுகளைக் கொண்டாடினார்கள். டிஜிட்டல் ஓசை கேட்டால் தலைவலி வரும் என்பவர்களும் அவற்றை நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை 40,000 பிரதி அச்சிடப் போவதாக அறிவிப்பு வந்தபோதுதான் சந்தேகம் கிளம்பியது. ஒரு மூல டேப்பை அத்தனை தட்டுக்குத் தேவையான தடவை ஓட்டினால் அது தேய்ந்துபோகும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் மைக் எஸ்போசிட்டோ இதைப் பொதுவெளியில் கேட்டார். பிறகு கலிஃபோர்னியாவில் நிறுவனத்துக்கே போய் இன்ஜினியர்களிடம் நேரில் கேட்டார். அவர்கள் மறைக்கவில்லை. 2011 முதலே பல தட்டுகளுக்கு டேப்பை முதலில் டிஜிட்டலாக மாற்றி, அதிலிருந்தே வெட்டியதாகச் சொன்னார்கள். அத்தனை ஆண்டுகளில் எந்தக் காதும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. வழக்கு நடந்து, 2.5 கோடி டாலர் அளவுக்குச் சமரசம் ஏற்பட்டது. வாங்கியவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறலாம், அல்லது ஒரு சிறு தொகையை வாங்கிக்கொண்டு தட்டை வீட்டிலேயே வைத்துக் கேட்கலாம் என்று தீர்வானது.