சேங்கொட்டைக் குறியும் தோலின் காவலணுக்களும்

சேங்கொட்டைச் சாற்றால் வண்ணார் துணிக்குக் குறியிட்டதைப் பெரியோர் அறிவர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்த அமெரிக்க வீரர் சிலருக்கு, அக்குறி பட்ட இடம் சிவந்து கொப்புளித்தது. வெறும் நஞ்சாயின் அணிந்தோர் அனைவரையுமன்றோ சுட்டிருக்கும்?

1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ், மேல்தோலில் கிளைவிட்ட உயிரணுக்களைக் கண்டு நரம்பணுக்கள் என்றெண்ணினார். அவை காவலணுக்கள். தோற்புரதத்தோடு ஒட்டிய சாற்றுக்கூறுகளைப் பற்றி, நிணக்கணுவுக்குச் சென்று, 'டி' அணுக்களுக்கு அடையாளங் காட்டுகின்றன. முதன்முறை புறத்தே ஒன்றும் தெரிவதில்லை; மறுமுறை பட்டால் ஓரிரு நாளில் 'டி' அணுக்கள் திரண்டு தோலைப் புண்ணாக்கும். ஆயினும் 2005-இல் எலிகளில் நடந்த ஒரு சோதனையில், இக்காவலணுக்களை நீக்கியபின் அழற்சி கூடிற்று. அடக்குவதும் அவற்றின் தொழில் போலும்.

மலேசியக் காட்டு ரெங்காஸ் மரமும் சேங்கொட்டையின் குடும்பமே. "முன்பு தொட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்னும் மாணவனையே ஆசிரியர் முதலில் விலக்க வேண்டும்.