சம்பளப் பட்டியலைச் சுருக்கினால் கடன் தீருமா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. கூட்டுறவாளர்களாகிய நமக்குச் சிக்கனத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சங்கத்தின் ஒவ்வொரு காசும் உறுப்பினரின் உழைப்பு என்பதை நாம் அறிவோம். ஆகவே, ஏதேனும் ஓர் அரசாங்கம் ஊழியர்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தப் போகிறது என்ற செய்தி வந்தால், நம்மில் பலர் அதை வரவேற்பது இயல்பே. “நெசவாளிக்கும் குடியானவனுக்கும் மாதச் சம்பளமா வருகிறது? மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போரில் சிலர் குறைந்தால் நமக்கென்ன நட்டம்?” என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. விடையைக் கணக்கின் வழியே காண்போம்.

மிச்சம் எவ்வளவு?

ஓர் ஊழியரை நீக்கினால் அவருடைய சம்பளம் முழுவதும் கருவூலத்தில் தங்கிவிடும் என்று எண்ணுதல் பிழை. அச்சம்பளத்தில் ஒரு பங்கு வருமான வரியாக முன்பே அரசாங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எஞ்சியது கடைத்தெருவில் செலவாகி, விற்பனையின் மீதான வரியாக மற்றொரு பங்கும் திரும்பியது. ஆள் நீங்கியதும் இவ்வரவுகள் நின்றுபோகின்றன. வேலையற்றோர்க்கு உதவித்தொகை வழங்கும் நாடுகளில் அச்செலவு கூடுகிறது. வயதுக்கு முன்னரே ஓய்வு பெறுவோர்க்கு ஓய்வூதியமும் தர வேண்டியதாகிறது. ஒரு பேரேட்டில் கழித்ததை இன்னொரு பேரேட்டில் கூட்டி எழுதுவது போன்றதே இது.

விளைவு அரசாங்கக் கணக்கோடு நிற்பதுமில்லை. சம்பளக்காரர் வாங்காமல் விட்ட வேட்டியும் புடைவையும் நெசவாளியின் வீட்டில் தேங்குகின்றன. அவர் பாதியாகக் குறைத்துக்கொண்ட காய்கறி விவசாயியின் மூட்டையில் வாடுகிறது. விற்பனை குறைந்த கடைக்காரர் தம் சிப்பந்தியை நிறுத்துகிறார். சிப்பந்தியும் தம் செலவைக் குறைக்கிறார். இவ்வாறு அரசாங்கம் குறைத்த ஒரு ரூபாய், நாட்டின் மொத்த வருமானத்தில் எத்தனை ரூபாயைக் குறைக்கிறது என்பதைப் பொருளாதார அறிஞர் ‘பெருக்கம்’ என்ற கணக்கால் அளக்கின்றனர். தொழில்கள் செழித்து, நீங்கியவர்க்கு உடனே வேறு வேலை கிடைக்கும் காலத்தில் இப்பெருக்கம் சிறிது. எங்கும் மந்தம் நிலவும் காலத்திலோ அது பெரிது.

கிரீஸ் தேசம் கண்ட அனுபவம்

இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்ற நாடு கிரீஸ். 2009ஆம் ஆண்டில் அந்நாட்டின் கடன் ஏறத்தாழ 30,000 கோடி யூரோ. அவ்வாண்டின் பற்றாக்குறை தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 15 பங்குக்கும் மேற்பட்டது. புதிதாகக் கடன் தருவார் இல்லாமற்போகவே, 2010 மே மாதத்தில் யூரோ நாணய நாடுகளும் சர்வதேச நிதி நிறுவனமும் 11,000 கோடி யூரோ கடனுதவிக்கு உடன்பட்டன. அதற்குக் கடும் நிபந்தனைகளும் விதித்தன.

அரசாங்கத்தின் மீது குறையில்லை என்று நாம் கூறவில்லை. தன்னிடம் ஊழியர் எத்தனை பேர் என்பதை அறியவே அது 2010 ஜூலையில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. ஏறத்தாழ 7 லட்சத்து 68 ஆயிரம் பேர் என்று தெரியவந்தது. சீர்திருத்தம் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் சீர்திருத்தத்துக்கு முன்னே வெட்டு வந்தது. பண்டிகைக் கால போனஸ் முதலில் குறைக்கப்பட்டுப் பின்னர் அடியோடு நிறுத்தப்பட்டது. ஐவர் விலகினால் ஒருவரையே நியமிக்கலாம் என்று விதி பிறந்தது. 2015ஆம் ஆண்டுக்குள் ஒன்றரை லட்சம் இடங்களைக் குறைப்பதென்றும் இலக்கு வைத்தனர். அதே வேளையில் விற்பனையின் மீதான வரி 2010ஆம் ஆண்டிலேயே நூற்றுக்கு 19இலிருந்து 23 ஆக உயர்ந்தது. வாங்குவோரின் கைப்பணம் குறைந்தது. வாங்கும் பொருளின் விலையோ ஏறிற்று.

2008க்கும் 2013க்கும் இடையில் நாட்டின் உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மறைந்தது. வேலை தேடியும் கிடைக்காதோர் 2008இல் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. 2013இல் 27 பேருக்கும் அதிகம். இளைஞரிலோ பாதிக்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். ஆட்குறைப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. சம்பளக் குறைப்பும் வரியுயர்வும் வங்கிகளின் தளர்ச்சியும் சேர்ந்தே இவ்விளைவைத் தந்தன. ஆயினும் இவை ஒவ்வொன்றும் மற்றதன் காயத்தை ஆழமாக்கின.

கடனாவது தீர்ந்ததா? ஆண்டுப் பற்றாக்குறை குறைந்தது மெய். ஆனால் 2012இல் தனியார் கடன்காரர் 10,000 கோடி யூரோவுக்கு மேல் தள்ளுபடி செய்த பின்னரும், 2014இல் கடன் ஏறத்தாழ 32,000 கோடியாக நின்றது. அதைத் தாங்க வேண்டிய தேசிய வருமானமோ 24,000 கோடியிலிருந்து 18,000 கோடிக்கு இறங்கிவிட்டது. வருமானம் நூறு என்றால் கடன் 127 ஆக இருந்த நிலை மாறி, ஏறத்தாழ 180 ஆயிற்று. சுமையைக் குறைக்கப் புறப்பட்டவர்கள், சுமப்பவனின் வலுவைக் குறைத்தனர்.

திட்டமிட்டோரின் வாக்குமூலம்

இதனை எதிர்க்கட்சியினர் மட்டும் கூறவில்லை. சர்வதேச நிதி நிறுவனமே 2013 ஜூன் மாதத்தில் தன் திட்டத்தை மறுபரிசீலனை செய்து அறிக்கை வெளியிட்டது. 2009க்கும் 2012க்கும் இடையில் உற்பத்தி நூற்றுக்கு ஐந்தரை பங்கு குறையும் என்று மதிப்பிட்டிருந்தனர். குறைந்ததோ 17 பங்கு. 2012இல் வேலையற்றோர் நூற்றுக்கு 15 பேர் என்று எதிர்பார்த்தனர். இருந்ததோ 25 பேர். அந்நிறுவனத்தின் தலைமைப் பொருளாதார அறிஞராயிருந்த ஒலிவியே பிளாஞ்சார்டும் டேனியல் லீயும் 2013 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை விளக்கிற்று. மந்த காலத்தில் பெருக்கத்தின் அளவை மதிப்பீட்டாளர் மிகக் குறைவாகக் கொண்டிருந்தனர் என்பதே அது.

நின்றுபோன பணி

ஊழியர் நீங்கினாலும் பணிக்கான தேவை நீங்குவதில்லை. 2013 ஜூன் 11ஆம் நாள் கிரீஸின் பொது வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் மூடப்பட்டது. ஏறத்தாழ 2,600 பேர் வேலை இழந்தனர். ஈராண்டுக்குப் பின் 2015 ஜூன் 11இல் அது மீண்டும் திறக்கப்பட்டது. நிதி அமைச்சகத்தின் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவந்த 595 பெண்கள் 2013இல் நீக்கப்பட்டனர். சிவப்புக் கையுறை அணிந்து அமைச்சக வாயிலில் பல மாதங்கள் போராடிய அவர்களும் 2015இல் மீண்டும் பணி பெற்றனர். வெட்டியதை ஒட்டுவதற்கு இடைப்பட்ட காலத்தில், அக்குடும்பங்கள் பட்ட கடனை எந்த வரவு செலவுத் திட்டமும் காட்டுவதில்லை.

நமக்குள்ள பாடம்

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ், அரசு ஊழியர்க்குத் துணியைக் கடனுக்கு விற்றுத் தவணையில் பணம் பெற்று வந்திருப்பதை நம் நெசவாளர் அறிவர். அவ்வூழியரின் சம்பள நாளும் நம் தறியின் ஓட்டமும் ஒரே நூலில் கோத்தவை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் நமக்கு அயலார் அல்லர். நம் சரக்கை வாங்குபவர்.

ஊழலையும் சோம்பலையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. வேலையில்லாத இடத்தில் ஆள் இருந்தால் அவரை வேலையுள்ள இடத்துக்கு மாற்றுவது நிர்வாகத்தின் கடமை. ஆனால் ஆட்குறைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் நான்கு கேள்விகள் கேட்போமாக. அவர் செய்த பணியை இனி யார் செய்வார்? வரியும் உதவித்தொகையும் கழிந்தபின் உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு? நீங்கியவர்க்கு வேறு வேலை கிடைக்கும் காலமா இது? அவர் வாங்கிவந்த பொருளை இனி யார் வாங்குவார்?

இக்கேள்விகள் சங்கத்தின் பொதுப்பேரவைக்கும் பொருந்தும். கொள்முதல் நிலையத்தில் எடை பார்ப்பவரை நிறுத்தினால் அவர் சம்பளம் மிஞ்சும். உறுப்பினர் சரக்குடன் வெயிலில் காத்திருக்கும் நாள்களும் கூடும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பின்னரே கை உயர்த்த வேண்டும்.