மண்ணணையும் மறுகாலும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் செல்பவர்கள் இடப்புறம் நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலையும் தங்களுடனேயே நடந்து வருவதைப் போன்ற ஒரு தோற்றத்தைக் காண்பார்கள். ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணில் படும் வரையில் அந்த நீல மதில் நம்மைவிட்டு அகலுவதில்லை. மலை இத்துணை அருகில் இருப்பது இவ்வூர்கள் பெற்ற பேறு. அபாயமும் அதுவே. மலை முகட்டுக்கும் வயல் வரப்புக்கும் இடையே தொலைவு மிகக் குறைவாதலால், மேலே கொட்டுகிற மழை சில மணி நேரத்திற்குள் கீழே வெள்ளமாக வந்து நிற்கிறது. காலையில் மணல் மட்டுமே தெரிந்த ஓடை, மாலையில் யானையையும் புரட்டக்கூடிய வேகத்தோடு ஓடும். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலையில் இவ்வாறு திடீரென வந்த வெள்ளத்தில், வழிபடச் சென்றவர்கள் சிலர் உயிரிழந்தனர். அது பருவமழைக் காலமன்று, கோடைக்காலம் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்தகைய மலையாறுகளை அடிவாரத்திலேயே மறித்து நிற்பவைதாம் பிளவக்கல் அணைகள். வத்திராயிருப்புக்கு மேற்கே, பெரியாறு என்றும் கோவிலாறு என்றும் வழங்கும் இரண்டு சிற்றாறுகளின் குறுக்கே, 1970-களில் இவை கட்டி முடிக்கப்பெற்றன. இங்கே சொல்லும் பெரியாறு கேரளத்துப் பெரியாறு அன்று. பெயர் ஒன்று, ஆறு வேறு. பெரியாறு அணையில் ஏறத்தாழ 47 அடி உயரத்திற்கு நீரைத் தேக்கலாம். கோவிலாறு அணையில் 42 அடி. முன்னதன் கொள்ளளவு 19 கோடி கன அடிக்குச் சற்று மேல். பின்னதன் கொள்ளளவு சுமார் 13 கோடி கன அடி. வைகை அணையோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. ஆயினும் வரிசையாக அமைந்த பல கண்மாய்களுக்கு இவையே தாய். இவற்றின் கீழே ஓடும் நீர் அர்ச்சுனா நதியாகி, ஆனைக்குட்டம் வழியே சென்று, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு கலக்கிறது.

இவற்றின் நீண்ட கரைகள் மண்ணால் ஆனவை. "நீரிலே கரையும் மண்ணைக் கொண்டு நீரைத் தடுப்பதா?" என்று மாணவர்கள் கேட்கலாம். நானும் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கண்மாயில் நீர் பாய்ச்சும் பெரியவரிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அடைமழை பெய்யும் இரவுகளில் அவர் அரிக்கேன் விளக்கோடு கரையின் வெளிச்சரிவிலே நடப்பார். கண்ணைவிடக் காலையே அவர் அதிகம் நம்பினார். எங்கே ஈரம் தட்டுகிறது என்று பாதத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே போவார். என் கேள்விக்கு அவர் சொன்ன விடை இது: "தம்பி, கசியாத கரை கிடையாது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை மூச்சு விடுகிறது என்று பொருள். கலங்கிய தண்ணீர் கசிந்தால் கரை கரைகிறது என்று பொருள்."

பின்னாளில் பொறியியல் நூல்களைப் படித்தபோது, அவர் சொன்னதையே அவை விரித்துக் கூறுவதைக் கண்டு வியந்தேன். மண்ணணையின் நடுவே, நீரை எளிதில் புகவிடாத களிமண்ணைப் பட்டை பட்டையாகப் பரப்பி, அளவாக ஈரமூட்டி, உருளை கொண்டு இறுக்குகிறார்கள். இதுவே அணையின் நெஞ்சு. அதன் இருபுறமும் சரிந்துவிடாத வலிய மண்ணைச் சாய்வாகக் கொட்டி அணைத்துக் கொடுக்கிறார்கள். நீர்ப்பக்கச் சரிவில், அலை அரிக்காதபடி கல் பாவுகிறார்கள். நெஞ்சையும் கடந்து கசியும் சிறிதளவு நீர், மண் துகளை இழுத்துக்கொண்டு போகாமல் தான் மட்டும் வடிந்து செல்வதற்காக, வெளிப்பக்கத்தில் மணலாலும் சல்லியாலும் வடிகட்டி அமைக்கிறார்கள். துகள் ஒன்று நகர்ந்தால் அவ்விடத்தில் துளை உண்டாகும். துளை உண்டானால் நீர் விரையும். நீர் விரைந்தால் துளை பெருகும். எலி வளையும், நண்டு வளையும், பட்டுப்போன மரத்தின் வேரும் பெருங்கரைகளை உடைத்த கதை இதுதான்.

இனி, அணை வெள்ளத்தைத் தணிப்பது எவ்வாறு என்பதைப் பார்ப்போம். மலையிலிருந்து விநாடிக்கு 5,000 கன அடி நீர் வருவதாக ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். பெரியாறு அணை வெறுமையாக இருந்தால், அவ்வெள்ளம் முழுவதையும் சுமார் பத்தரை மணி நேரம் அது தன் வயிற்றிலே வாங்கிக்கொள்ளும். மலை வெள்ளம் பெரும்பாலும் அதற்குள் தணிந்துவிடும். அணை பாதி நிறைந்திருந்தால் ஐந்து மணி நேரந்தான் தாங்கும். முழுதும் நிறைந்திருந்தால், வருகிற வெள்ளத்தைச் சற்றே தாமதப்படுத்தலாம், நிறுத்த இயலாது. ஆகவே, வெள்ளத்திலிருந்து நம்மைக் காப்பது அணையில் உள்ள நீரன்று. அணையில் உள்ள வெற்றிடமே ஆகும். இச்சிறு உண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இதனை மறவாதவர்கள் அமெரிக்க நாட்டில் ஓஹையோ மாநிலத்தில் இருந்தார்கள். அங்கே 1913-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மியாமி ஆறு பெருகி, டேட்டன் நகரை மூழ்கடித்தது. ஆர்தர் மார்கன் என்னும் பொறியாளரின் தலைமையில், 1922-ஆம் ஆண்டுக்குள் அந்த ஆற்றுப்படுகையில் ஐந்து மண்ணணைகள் எழுப்பப்பெற்றன. அவற்றில் நீர் தேக்குவதே இல்லை. அணையின் அடியில் கதவில்லாத கால்வாய் வழி ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும். சாதாரண நாளில் ஆறு அதன் வழியே தடையின்றி ஓடும். வெள்ள நாளில், வழிக்கு அடங்காத நீர் மட்டும் பின்னே தேங்கி நின்று மெல்ல வடியும். மற்ற நாட்களில் அணைக்குப் பின்னே உள்ள நிலத்தில் உழவு நடக்கிறது.

அத்தகைய வெற்று அணையை நம்மூரில் கட்டச் சொன்னால் உழவர் ஒப்புவாரா? ஒப்பமாட்டார்; ஒப்பாததில் நியாயமும் உண்டு. மலையின் மழைமறைவில் இருக்கும் இப்பகுதி, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையையே நம்பி வாழ்கிறது. அப்போது தேக்காத நீர் பிறகு கிடைக்காது. அணை நிரம்பினால் உழவர் மனம் நிரம்புகிறது. ஆனால் அணை நிரம்பிய பின் வரும் பெருமழையே ஆற்றோர மக்களுக்குப் பகையாகிறது. நீர்ப்பாசனம் அணை நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. வெள்ளக் காப்பு அணை வெறுமையாக இருக்க வேண்டும் என்கிறது. ஒரே அணை இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

அவ்விடையைத் தருவது கலுங்கு. கரையின் முகட்டுக்கு நீர் ஏறுமுன், மிகுதியைப் பாதுகாப்பாக வெளியேற்றும் கல் வாயில் அது. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியே நீர் வெளியேறுவதை நம் மக்கள் மறுகால் பாய்வது என்பார்கள். கற்சுவர் அணையின் மேல் சிறிது நீர் வழிந்தாலும் அது தாங்கக்கூடும். மண்ணணையின் முகட்டைத் தாண்டி நீர் வழிந்தால், வெளிச்சரிவு அரிபட்டு, சில மணி நேரத்தில் கரையே காணாமற் போகும். 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், குசராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணையில் இதுவே நேர்ந்தது. கணித்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வெள்ளம் வந்தது. இருபுறத்து மண்கரைகளும் அடித்துச் செல்லப்பட்டன. நடுவிலிருந்த கற்கட்டு மட்டும் தனியே நின்றது. கீழே இருந்த மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்தப் பாடம் நமக்குத் தொலைவானதன்று. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் அறிவோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல குளங்களின் கரைகள் உடைந்தன. பழைய கணக்குகளை மீறிய மழை இனியும் வரலாம் என்று கொண்டே நம் கலுங்குகளை அளந்து பார்க்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் அணையில் சிறிது இடம் விட்டு வைத்து, மழையின் போக்கைக் கண்டு படிப்படியாக நிரப்புவது முறை. அப்படி விடுவிக்கும் நீர் வீணாகாமல் இருக்க, கீழேயுள்ள கண்மாய்கள் தூர் வாரப்பட்டு, வரத்துக்கால்கள் அடைபடாமல் இருத்தல் வேண்டும். மேலே அணை இருக்கிறதே என்ற துணிவில், வறண்ட ஆற்றுப்படுகையில் வீடு கட்டுவது பேதைமை. அணை, வெள்ளத்தின் வாய்ப்பைக் குறைக்கும். ஆற்றுக்கு உரிய இடத்தை அது நமக்குப் பட்டா எழுதிக் கொடுப்பதில்லை.

மதுரையில் வைகை பெருகியபோது, வீட்டுக்கு ஒரு பங்காகக் கரையடைக்கும்படி பாண்டியன் ஆணையிட்ட திருவிளையாடற் கதை உங்களுக்குத் தெரியும். பிட்டுக்கு மண் சுமக்க வந்த கூலியாள், வந்தியின் பங்கை அடைக்காமல் உறங்கிவிட்டான். ஊரார் பங்கெல்லாம் அடைபட்டும், அந்த ஒரு பங்கு அடைபடாததால் வெள்ளம் நிற்கவில்லை. கதையின் பக்திப் பொருள் ஒருபுறமிருக்க, அதில் ஒரு பொறியியல் உண்மையும் உண்டு: கரையின் வலிமை, அதன் மிக வலிய இடத்தில் இல்லை; மிக மெலிந்த இடத்தில் இருக்கிறது.

மாணவர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரைமேல் ஒருமுறை நடந்து பாருங்கள். கலுங்கு எங்கே இருக்கிறது, அதன் வழி திறந்திருக்கிறதா, வெளிச்சரிவில் வளைகள் உண்டா என்று கவனியுங்கள். கசிவு கண்டால், அது தெளிவா கலங்கலா என்று பாருங்கள். கலங்கல் என்றால் ஒரு கணமும் தாமதியாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். விளக்கேந்தி நடந்த அந்த முதியவர் இன்று இல்லை. அவர் நடந்த கரை இருக்கிறது. அதன்மேல் நடக்க ஆள் வேண்டும்.